மூலிகையைச் சோதிக்கும் முன் அது எந்தச் செடி என்று உறுதி செய்யுங்கள்

செடி கையில் கிடைத்த அன்றே அரைத்து மெத்தனாலில் ஊறப் போட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் எடை குறைக்கும் மருந்தில் சேர வேண்டிய ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயரில் ஒத்திருந்த அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுச் செடி வகை ஒன்று கலந்துவிட்டதால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. அதனால் முதல் வேலை இதுதான்: பூவோ காயோ உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, தாவரவியல் தெரிந்தவரிடம் காட்டிப் பெயரை உறுதி செய்து, ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடி மாதிரிகளைச் சேமிக்கும் காப்பகத்தில், சேர்த்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். பறித்த இடம், மாதம், எந்தப் பாகம் என்பதையும் குறித்து வையுங்கள், ஏனென்றால் பருவம் மாறினால் ஒரே செடியிலும் வேதிப்பொருள்களின் அளவு மாறும்.

அப்புறம் நிழலில் உலர்த்திப் பொடி செய்யுங்கள். இலையாக இருந்தால் முதலில் ஹெக்சேனில் ஊறவைத்து மெழுகு, கொழுப்பு, பச்சையம் ஆகியவற்றை முடிந்தவரை நீக்கிவிட்டு, அதே பொடியை மெத்தனாலில் போடுவது நல்லது. பச்சை நிறம் தங்கிவிட்டால் நிறச் சோதனை எதையும் நம்ப முடியாது.

சாற்றில் எந்த வகை வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்று பார்க்கும் சோதனைகள் எளிமையானவைதான். மேயர் கரைசலில் வெண்மஞ்சள் வீழ்படிவும் டிராகன்டார்ஃப் கரைசலில் ஆரஞ்சு வீழ்படிவும் வந்தால் ஆல்கலாய்டு இருக்கலாம்; ஃபெரிக் குளோரைடில் கருநீலமோ கரும்பச்சையோ வந்தால் டானின் போன்ற ஃபீனால்கள்; தண்ணீரில் குலுக்கி நுரை நெடுநேரம் நின்றால் சபோனின்; மெக்னீசியத்தோடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துச் சிவந்தால் ஃபிளேவனாய்டு. 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் புரதம்கூட மேயர் கரைசலில் வீழ்படிவு தரும். ஒவ்வொரு முறையும் வெறும் கரைப்பானை ஒரு குழாயிலும், உறுதியாகத் தெரிந்த பொருளை இன்னொன்றிலும் வைத்து ஒப்பிடுங்கள். மேயர் கரைசலில் பாதரசம் இருக்கிறது, தயவுசெய்து அதைக் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள், தனிப் புட்டியில் சேருங்கள்.

அடுத்து, சாற்றில் உள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு வண்ணப்பிரிகை: சிலிக்கா தகட்டில் ஓடவிட்டு 254, 366 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பாருங்கள். சரியான செடியிலிருந்து எடுத்த சாற்றையும் பக்கத்திலேயே ஓடவிட்டால் கலப்படம் அங்கேயே தெரிந்துவிடும்.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் எலிக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்பே பொடியில் உலோகங்களைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம். பூஞ்சை நச்சு, பூச்சிமருந்து எச்சம், நுண்ணுயிர் எண்ணிக்கை ஆகியவையும் வேண்டும். செடி நல்லதாக இருந்து அது வளர்ந்த மண் கெட்டிருந்தாலும் சாப்பிடுபவருக்குத்தானே பாதிப்பு?

விலங்குச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள். ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு) வகுத்த 423 என்ற நச்சுச் சோதனை முறையில் ஒரு படிக்கு 3 எலிகள், ஒரே வேளை மருந்து, 14 நாள் கவனிப்பு. வழக்கமான உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம். பலர் இதோடு நிறுத்திவிட்டு 'நச்சற்றது' என்று எழுதிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு மனசு கேட்காத இடம். அரிஸ்டோலோக்கியா ஒரே வேளையில் அந்தக் கெடுதலைச் செய்யவில்லை, அதைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்தவர்களுக்குத்தான் வந்தது. தினமும் சாப்பிடப் போகிற மூலிகை என்றால் 28 நாள் அல்லது 90 நாள் சோதனை, ஈரல், சிறுநீரகத் திசு ஆய்வு, மரபணுவைப் பாதிக்கிறதா என்று பார்க்கும் ஏம்ஸ் சோதனை எல்லாம் வேண்டும். அதுவரை அறிக்கையில் 'இந்த அளவில், இத்தனை நாளில் கெடுதல் தென்படவில்லை' என்று மட்டும் எழுதுங்கள்.