கிருஷ்ணகிரியிலிருந்து அஜந்தா: ஊருக்கு வருகிறவர்களுக்கு

முதலில் கிழமையைப் பாருங்கள். மகாராஷ்டிரத்துக் குகைக்கோயில்களில் அஜந்தாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய். ஊருக்கு வந்து, கல்யாணம் காதுகுத்தெல்லாம் முடித்து, மிச்சமிருக்கும் நாலு நாளில் ஓடுகிறவர்கள் சொல்லிவைத்த மாதிரி இந்த இரண்டு நாளில்தான் போய் நிற்கிறார்கள். புதனிலிருந்து வெள்ளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு என்றால் கூட்டத்தில் புத்தர் முகமே தெரியாது.

கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லை என்பது நம் பழைய மனக்குறை, அதை விடுங்கள். பெங்களூரு போய் அங்கிருந்து புனேவுக்கு விமானம் பிடிப்பது சுலபம். ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு வடகோடியில். நாம் ஓசூர் வழியாகத் தெற்கிலிருந்து நுழைகிறோம். கைபேசி இரண்டரை மணி நேரம் என்று காட்டினாலும் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். புனேவிலிருந்து ஔரங்காபாத்துக்கு, இப்போது சத்ரபதி சம்பாஜிநகர், காரில் ஐந்தாறு மணி. அங்கிருந்து எல்லோரா 30 கி.மீ., அஜந்தா 100 கி.மீ., வேறு வேறு சாலை. ஒரே நாளில் இரண்டையும் காட்டிவிடுகிறேன் என்று டிரைவர் சொன்னால் சரி சொல்லாதீர்கள்.

நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் உள்நாட்டவருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான ஓசிஐ அட்டை இருந்தால் உள்நாட்டுக் கட்டணமே போதும், அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் அதே சலுகை உண்டு. ஓசிஐ இல்லாத மலேசிய, சிங்கப்பூர்ச் சொந்தங்கள்தான் முழுத்தொகை கட்ட வேண்டும். 15 வயதுக்குக் கீழே இலவசம்.

இதற்கெல்லாம் முன்னால், ஒரு நாள் ஜம்பைக்குப் போய் வாருங்கள் என்பேன். தருமபுரியிலிருந்து அரூர், திருவண்ணாமலை வழியாகத் திருக்கோவிலூர்ப் பக்கம். அங்கே பாறைக் குகை ஒன்றில் 1981-இல் கண்டெடுத்த தமிழி எழுத்து, அதாவது பழந்தமிழ் பிராமி எழுத்து, ஒரே வரிதான்: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. நம் தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன், துறவிகளுக்குக் கொடுத்த உறைவிடம். பாளி என்றால் அதுதான். அங்கே தங்கியவர்கள் சமணர் என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. ஆனால் 'ஸதியபுதோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். அசோகர் தம் 2-ஆம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்று வெகுகாலம் சண்டை நடந்தது. நம் அதியமான் குலம்தான் அது என்ற விடை இந்தப் பாறையில் இருந்தது. இதைப் பார்த்துவிட்டு அஜந்தாவுக்குப் போனால் அந்நிய ஊருக்குப் போன மாதிரி இருக்காது. மழைக்காலத்தில் தங்க இடமில்லாத பிக்குகளுக்கு யாரோ கொடுத்த பாளிதான் அதுவும். அளவு மட்டும் பெரிது.

அஜந்தாவில் சொந்த வண்டி 4 கி.மீ. முன்னாலேயே நின்றுவிடும், அப்புறம் அரசுப் பேருந்து. குதிரை லாடம் மாதிரி வளைந்த பள்ளத்தாக்கில் வரிசையாக 30 குகைகள், படிகளும் அதிகம். அம்மா அப்பாவுக்கு முட்டிவலி என்றால் நாற்காலியில் தூக்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஓவியக் குகைகளில் செருப்பைக் கழற்ற வேண்டும். கயிறு கட்டும் ஷூ வேண்டாம். ஃபிளாஷ் கூடாது. உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகியதும் முதல் குகையின் பத்மபாணி, தாமரை ஏந்திய போதிசத்துவர் ஓவியம், இருட்டிலிருந்து மெல்ல வெளியே வருவார்.

நம் ஆட்கள் கற்பூரம், குங்குமம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். வேண்டாம். 26-ஆம் குகையில் இடது சுவரோரம் பரிநிர்வாணப் புத்தர், அதாவது உயிர் பிரியும் நிலையில் புத்தர், ஏழு மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறார். நாங்கள் போன அன்று வெள்ளைப் புடவைப் பெண்கள் சிலர் அங்கே கைகூப்பிச் சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1956-இல் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய குடும்பங்கள் மகாராஷ்டிரத்தில் ஏராளம்; அவர்களுக்கு இது சுற்றுலா இடம் இல்லை, கோயில். அவர்கள் முடிக்கும் வரை ஒதுங்கி நில்லுங்கள். தூபியை வலமாகச் சுற்றுங்கள், சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள்.

எங்களோடு வந்த பெரியப்பா கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில் முப்பது வருஷம் உளி பிடித்தவர். ஓவியங்களை ஒரு பார்வையில் முடித்துவிட்டு, பாதியில் நின்றுபோன 24-ஆம் குகையில் அரை மணி நேரம் நின்றார். "மேலேருந்து கீழ இறங்கியிருக்கான், சாரமே கட்டலை பாரு" என்றார். "இது எரிமலைக் கல்லு. நம்ம கருங்கல்லுல இப்படிக் குடைஞ்சா உளி மழுங்கிடும்." மகாபலிபுரத்தை ஞாபகப்படுத்தினேன். "அதான் அங்க அவ்ளோ சின்னதா குடைஞ்சிருக்கான்."

எல்லோராவில் எல்லோரும் நேரே 16-ஆம் எண் குகையான கைலாசத்துக்கு, மலையைக் குடைந்து செய்த சிவன் கோயிலுக்கு, ஓடுவார்கள். நீங்கள் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்குங்கள். 1 முதல் 12 வரை பௌத்தக் குகைகள், காலையில் ஆளே இருக்காது. 10-ஆம் குகைக்கு விஸ்வகர்மா என்று பெயர், தச்சன் குடிசை என்றும் சொல்கிறார்கள். கூரையைக் கல்லிலேயே மரச்சட்டம் மாதிரி வரிவரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். எந்தப் பாரத்தையும் அவை தாங்கவில்லை. பெரியப்பா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்.

"குடைஞ்ச கல்லுக்கு எதுக்குடா உத்தரம்?"

ஆதியில் கூடங்களை மரத்தில் கட்டினார்கள், கல்லுக்கு மாறிய பிறகும் அந்த அமைப்பை விடவில்லை என்றேன். "பழகின வீடு மாதிரி இருக்கணும்னு நெனச்சிருப்பான்" என்றார். நாங்கள் கைலாசத்துக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று.