நொப் தானாக ஆடினால் புரோகிராமைத் திட்டாதீர்கள், வோல்ட்டைப் பாருங்கள்

லியொனார்டோவோ புரோ மைக்ரோவோ என்ற ஆர்டுயினோ வகைப் போர்டை வைத்து நீங்களே செய்த மிடி கொன்ட்ரோலர் (நொப் என்ற திருகு குமிழ்களால் கணினியின் இசை மென்பொருளை இயக்கும் கருவி) மேசையில் சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, எல்.ஈ.டி எல்லாம் எரிந்ததும் கிறுக்குப் பிடித்தது மாதிரி நடக்கிறதா? நொப்பைத் தொடாமலே, 0 முதல் 127 வரை போகும் அதன் மிடி எண் 64, 66, 63 என்று ஆடும், விட்ட நோட் விடாமல் இழுத்துக்கொண்டே நிற்கும், லப்டொப் 'டுடுங்' என்று சத்தம் போட்டுக் கருவி கழன்று திரும்பவும் மாட்டுப்படும். நான் மூன்று இரவு புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தேன். பிழை அதில் இல்லை. பழைய ரிப்பன் கேபிளில் உரித்த நூல் மாதிரி வயர் ஒன்றில் 16 எல்.ஈ.டிக்கும் கரண்ட் கொடுத்திருந்தேன்.

முதலில் மல்டிமீற்றரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். லைற் அணைந்திருக்கும்போது அளந்து 5 வோல்ட் என்று கண்டால் அதை நம்பிவிட வேண்டாம், சுமை இல்லாதபோது எந்தக் கேபிளும் நல்ல கேபிள்தான். எல்லா லைற்றையும் முழு வெள்ளையில் எரியவிட்டு, சிப்பின் விசிசி காலிலும் (5 வோல்ட் உள்ளே வரும் கால்) அதன் பக்கத்துக் கிரவுண்ட் காலிலும் (மின்சாரம் திரும்பிப் போகும் கால்) முனைகளை வைத்து அளவுங்கள். யூ.எஸ்.பி 2.0 போர்ட்டிலிருந்து 4.75 முதல் 5.25 வரை வரவேண்டும். போர்டில் டயோட் இருந்தால் அதில் 0.3 வோல்ட் போகும், அது சாதாரணம். 4.4க்குக் கீழே இறங்கினால் எங்கேயோ வோல்ட்டைக் குடிக்கிறது.

எங்கே என்று பிடிக்க ஒரு வழி: சிவப்பு முனையை யூ.எஸ்.பி கனெக்டரின் 5 வோல்ட்டிலும் கறுப்பு முனையைச் சிப்பின் விசிசியிலும் வையுங்கள். மீற்றர் காட்டுவதுதான் அந்தப் பாதையில் தொலைந்த வோல்ட். கிரவுண்ட் பக்கத்தையும் இதேபோலப் பாருங்கள், பலர் அதை மறந்துவிடுவார்கள், நானும்தான்.

இதிலே ஒரு விசயம் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். நொப்புக்குப் போகும் 5 வோல்ட்டும் சிப் ஒப்பிட்டுப் பார்க்கும் 5 வோல்ட்டும் ஒன்றென்றால், இரண்டும் சேர்ந்து இறங்கும்போது விகிதம் மாறாது, எண்ணும் ஆடாது. அப்படியும் ஆடுகிறதென்றால் நொப்பின் வயரை எல்.ஈ.டியும் பங்குபோடுகிறது என்று அர்த்தம். நொப்பை முழுக்கக் குறைத்துவிட்டு லைற்றை எரியவிடுங்கள். 0 ஆக இருந்தது 2, 3 என்று ஏறினால் கிரவுண்ட் வயர்தான் காரணம், ஏனென்றால் 0.1 வோல்ட் பிசகினாலே 127இல் இரண்டரைப் படி போய்விடும். முழுக்கக் கூட்டியபோது 127க்கு எட்டாவிட்டால் 5 வோல்ட் வயர். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நொப்புகளின் இரு வயரையும் சிப்பின் பக்கத்திலிருந்தே தனியாக எடுங்கள், எல்.ஈ.டிக்கு யூ.எஸ்.பி கனெக்டரிலிருந்தே தடித்த வயர் போடுங்கள்.

அப்புறம் கணக்கு. நிறம் மாறும் டபிள்யூ.எஸ் 2812 எல்.ஈ.டி ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லிஅம்பியர் வரை எடுக்கும், 16 என்றால் 960. யூ.எஸ்.பி 2.0 போர்ட் தருவது 500தான், தனி மின்சாரம் இல்லாத ஹப் என்றால் வாய்க்கு 100. புரோகிராமில் வெளிச்சத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்துவிடுங்கள், இருட்டு மேடையில் அதுவே கண்ணைக் கூசும். குறைக்க மனமில்லையென்றால் எல்.ஈ.டிக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள். இரண்டின் கிரவுண்டையும் சேர்க்க வேண்டும், இரண்டு 5 வோல்ட்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. எல்.ஈ.டி தொடங்கும் இடத்தில் 1000 மைக்ரோபரட் கெப்பாசிற்றர் ஒன்று வையுங்கள்.

கேபிளையும் மாற்றிப் பாருங்கள். மலிவான கேபிளில் 28 கேஜ் என்ற மெல்லிய வயர் இருக்கும், மீற்றருக்கு 0.21 ஓம். 2 மீற்றர் கேபிளில் போக வர 4 மீற்றர், 500 மில்லிஅம்பியரில் 0.4 வோல்ட் வயரிலேயே போய்விடும்.

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, அந்த உப்புக் காற்றில் யூ.எஸ்.பி வாயும் ஸ்குரூ டெர்மினலும் பச்சை பூத்துவிடும். கேபிளை ஆட்டும்போது வோல்ட் ஏறி இறங்கினால் ஐசோபுரொப்பைல் அல்ககோல் போட்டுத் துடையுங்கள், செம்பு கறுத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாக ஈயம் வையுங்கள்.

9 வோல்ட் பற்றரியில் 7805 (வோல்ட்டை 5 ஆகக் குறைத்துத் தரும் சிப்) வைத்து ஓட்டுகிறவர்கள் கவனியுங்கள்: 7805க்கு உள்ளே வருவது 7 வோல்ட்டாவது இருக்க வேண்டும், பற்றரி அதற்குக் கீழே இறங்கிய நிமிடம் 5 வோல்ட்டும் சரியும்.

இவ்வளவும் பார்த்தும் மீற்றர் நல்ல எண்ணையே காட்டுகிறது, கருவி மட்டும் ரீசெட் ஆகிறது என்றால், கண் இமைக்கும் நேரத்து இறக்கத்தைச் சாதாரண மீற்றர் காட்டாது. சிப்பையே கேளுங்கள்: உள்ளே உள்ள 1.1 வோல்ட் ஒப்பீட்டை வைத்து அது தன் விசிசியைத் தானே அளக்கும். அந்த 1.1 சிப்புக்குச் சிப் 1.0இலிருந்து 1.2 வரை மாறும், ஆகவே முதலில் மீற்றரோடு ஒருமுறை ஒத்துப் பார்த்து எண்ணைத் திருத்திவிட்டு, மிகக் குறைந்த அளவை மட்டும் ஞாபகம் வைத்து மிடி எண்ணாக அனுப்பச் சொல்லுங்கள்.