சைரன் கேட்டதும் உள்ளே போங்கள்: ஜோப்ளின் டொர்னாடோ நினைவாக

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் ஜோப்ளின் ஊரில் மாலை 5.11க்கு முதல் சைரன் ஒலித்தது, டொர்னாடோ, அதாவது மேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் கடுங்காற்று, ஊரைத் தொட இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது, அப்படியும் 158 பேர் அதில் நேரடியாக உயிரிழந்தார்கள். பிறகு அமெரிக்க வானிலைத் துறை பிழைத்தவர்களிடம் பேசிப் பார்த்ததில், பெரும்பாலானோர் முதல் சைரனுக்கு அசையவே இல்லை என்று தெரிந்தது. அடிக்கடி ஊதும் சைரன்தானே என்று டிவியைப் போட்டார்கள், வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். ஆனால் கொட்டும் மழை அந்தச் சுழலை மூடியிருந்தது, கண்ணுக்குப் பட்டபோது பலருக்கு நேரமே மிச்சமில்லை.

புயல் என்றால் நாலு நாள் முன்பே சொல்லிவிடுவார்கள். டொர்னாடோ அப்படி அல்ல, கையில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் கண்ணால் பார்த்துவிட்டு ஓடலாம் என்று தயவுசெய்து நிற்காதீர்கள்.

'வாட்ச்' என்று அறிவித்தால், உருவாகும் சூழல் இருக்கிறது என்று பொருள். அப்போதே போனை சார்ஜில் போட்டு, எல்லோரும் ஷூ மாட்டிக்கொள்ளுங்கள். அடித்து ஓய்ந்தபின் கண்ணாடித் துண்டும் ஆணி துருத்திய பலகையும் கிடக்கும் இடத்தில்தான் நடக்க வேண்டிவரும். மொபைல் ஹோமில், அதாவது இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தும் இலேசான வீட்டில், இருப்பவர்கள் உறுதியான கட்டடத்துக்கு இந்தக் கட்டத்திலேயே கிளம்பிவிட வேண்டும். 'வார்னிங்' என்றால் ரேடாரில் தெரிந்துவிட்டது, அல்லது யாரோ நேரில் பார்த்துவிட்டார்கள். உடனே ஒளியுங்கள்.

எங்கே? தரைக்கு அடியில் பேஸ்மென்ட் அறை இருந்தால் அங்கே. ஜோப்ளினில் பல வீடுகளுக்கு அது கிடையாது. அப்படியானால் தரைத்தளத்தில், வீட்டின் நடுவில், ஜன்னலே இல்லாத சின்ன அறை: குளியலறை, துணி அலமாரி அறை, மாடிப்படிக்கு அடியில். உங்களுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எத்தனை சுவர் என்று எண்ணிப் பாருங்கள், அதிகம் இருக்கும் இடமே நல்ல இடம். சுவரைப் பார்த்துக் குனிந்து உட்கார்ந்து, கையால் பிடரியை மூடி, மேலே மெத்தையைப் போட்டுக்கொள்ளுங்கள். சைக்கிள் ஹெல்மெட் இருந்தால் பிள்ளைகளுக்கு மாட்டிவிடுங்கள், தலையில் படும் அடி உயிரையே பறிக்கலாம்.

அன்று ஒரு பெரிய கடையின் உயரமான சுவர்கள் சரிந்து உள்ளே இருந்தவர்கள் இறந்தார்கள். அதே ஊரில் ஒரு சின்னக் கடையில் இருபது பேர் போல பீர் வைக்கும் குளிர் அறைக்குள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். கடை முழுக்கப் போய்விட்டது, அவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். கடையில் மாட்டிக்கொண்டால் விசாலமான கூடத்தை விட்டு விலகி, இப்படி இறுக்கமான உள்ளறையைத் தேடுங்கள்.

ஜன்னலைத் திறந்துவைத்தால் அழுத்தம் குறையும் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள், அது தவறு, அந்த நேரமும் வீண். காரில் இருந்தால் பாலத்துக்கு அடியில் ஒதுங்கவே வேண்டாம், காற்று அங்கே இன்னும் வேகமாகப் பாயும். பக்கத்தில் கட்டடம் எதுவும் இல்லையென்றால் சாலையைவிடத் தாழ்ந்த பள்ளத்தில் குப்புறப் படுத்துத் தலையை மூடுங்கள்.

அப்புறம், சைரன் வெளியே இருப்பவர்களுக்காக வைத்தது. தூக்கத்தில் கேட்காமல் போகலாம், எச்சரிக்கை வந்தால் தானே ஒலிக்கும் வானிலை ரேடியோ ஒன்றைப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். இன்று ராத்திரியே விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளோடு கட்டிலிலிருந்து அந்த அறைவரை ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள்.