இடுப்புச் சுற்றளவு உயரத்தின் பாதியைத் தாண்டுகிறதா? பிள்ளைகளை வீட்டிலேயே அளந்து பார்க்கும் முறை

திருகோணமலையில் ஒரு பிள்ளையைக் கண்டதும் "மெலிஞ்சு போனான்" என்று கவலைப்படுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். வயிறு முன்தள்ளியிருப்பதைக் கவலையாக எடுத்துக்கொள்பவர்கள் குறைவு. இடப்பெயர்வையும் தட்டுப்பாட்டையும் கண்ட தலைமுறைக்கு அது இயல்பானதே. ஆனால் நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், ஈரலில் கொழுப்புப் படிதல் ஆகியவற்றுக்கான வித்து பள்ளிக்கூட வயதிலேயே விழக்கூடும் என்பதால், ஓர் அளவுநாடாவையும் தராசையும் கொண்டு யாரை வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று கண்டுகொள்ளும் முறையை இங்கே விளக்குகிறேன். இது 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அதற்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பதிவேட்டில் உள்ள வளர்ச்சி வரைபடமே போதும். அதைக் குடும்பநல உத்தியோகத்தர் பார்த்துச் சொல்வார்.

முதலில் நாடாவைச் சோதியுங்கள். தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் பல ஆண்டுகள் கிடந்த துணிநாடா இழுபட்டுப் போயிருக்கலாம். அதை ஓர் இரும்பு அடிமட்டத்தோடு சேர்த்துப் பிடித்து, 30 சென்ரிமீற்றர் இரண்டிலும் ஒரே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் புதிது வாங்குவதே நல்லது.

உயரம் அளப்பதற்கு, அடியில் கட்டு நீட்டிக்கொண்டிராத நேரான சுவரொன்றைத் தேர்ந்தெடுங்கள். செருப்பில்லாமல் குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரில் படுமாறு பிள்ளையை நிறுத்தி, நேரே பார்க்கச் சொல்லுங்கள். உச்சியில் கொண்டை போட்டிருந்தால் அவிழ்த்துவிட வேண்டும். தடித்த அட்டைப் புத்தகமொன்றைச் சுவரோடு செங்குத்தாகப் பிடித்துத் தலையில் அழுத்தி, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் குறித்து, நிலத்திலிருந்து அந்தக் குறிவரை அளவுங்கள். நிறையைச் சீமெந்துத் தரையில் வைத்த தராசில், மெல்லிய உடுப்போடு பாருங்கள். பாயின் மேலோ விரிப்பின் மேலோ தராசை வைத்தால் அது சரியாகக் காட்டாது.

இடுப்புச் சுற்றளவில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள், ஏனெனில் காற்சட்டை கட்டும் இடத்தையே இடுப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாம் அளக்க வேண்டியது, கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவிலுள்ள இடம். பிள்ளையின் பக்கவாட்டில் விரலால் தடவினால் இரண்டு எலும்புகளும் தட்டுப்படும்; பருத்த பிள்ளையில் சற்று அழுத்தித் தேட வேண்டியிருக்கும். இரண்டையும் பேனாவால் குறித்து, நடுப்புள்ளியில் நாடாவைச் சுற்றுங்கள். நாடா முன்னும் பின்னும் நிலத்துக்குச் சமாந்தரமாக, தோலில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் வியர்வையில் நாடா ஒட்டி முறுகிக்கொள்ளும். அளக்குமுன் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். அளக்கும்போது பிள்ளை வயிற்றை உள்ளிழுக்கும், அது எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். சாதாரணமாக மூச்சை விடச் சொல்லி, விட்டு முடிந்த கணத்தில் வாசியுங்கள். இரண்டு தரம் அளந்து சராசரியை எடுங்கள். 138 சென்ரிமீற்றர் உயரமான பிள்ளையின் இடுப்பு 68 என்றால் விகிதம் 0.49, அதையே கவனமின்றி 71 என்று வாசித்தால் 0.51 ஆகி, முடிவே மாறிவிடும்.

இனிக் கணக்கு. இடுப்புச் சுற்றளவை உயரத்தால் வகுத்தால் வருவது 0.5-க்குக் குறைவாக இருக்க வேண்டும். 0.5 முதல் 0.59 வரை ஆபத்துக் கூடியது, 0.6-உம் அதற்கு மேலும் மிகக் கூடியது. கணக்குப் பார்க்க விருப்பமில்லாதவர்கள், பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி இரண்டாக மடித்து, அந்த மடிப்பு இடுப்பைச் சுற்றி வருகிறதா என்று பார்த்தாலே போதும்.

உடற்திணிவுச் சுட்டெண்ணையும் பாருங்கள். நிறையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 44 கிலோ, 1.38 மீற்றர் என்றால் விடை ஏறத்தாழ 23.1. பெரியவர்களுக்குச் சொல்லப்படும் 25, 30 என்ற எல்லைகளை இங்கே பயன்படுத்தக் கூடாது. சுட்டெண் 19 என்பது 15 வயதுப் பையனுக்குச் சாதாரணம், 6 வயதுப் பையனுக்கோ அது உடற்பருமன். எனவே உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட, 5 முதல் 19 வயது வரையான அட்டவணையில் வயதையும் மாதத்தையும் பாலையும் கொண்டு தேட வேண்டும். சரியாக 10 வயதான பையனுக்கு 18.5-க்கு மேல் அதிக நிறை, 21.4-க்கு மேல் உடற்பருமன். பெண்பிள்ளைக்கு இவை 19.0, 22.6.

சுட்டெண் சரியாக இருந்தும் இடுப்பு கூடியிருந்தால், நான் இடுப்பையே நம்புவேன். தெற்காசியப் பிள்ளைகளின் உடலில், அதே சுட்டெண் கொண்ட ஐரோப்பியப் பிள்ளைகளைவிடக் கொழுப்புக் கூடுதலாக இருக்கும். கைகால் மெலிந்து வயிறு மட்டும் உருண்ட பிள்ளைகள் தராசில் தப்பிவிடுவார்கள்.

அளக்கும்போதே கழுத்தின் பின்புறத்தையும் அக்குளையும் பாருங்கள். அங்கே தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட் போல் இருந்தால், அழுக்கென்று பீர்க்கங்காய் நாரால் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம்.

வகுப்பில் அளக்கும் ஆசிரியர்கள் எண்ணை உரக்கச் சொல்லாமல், பிள்ளையைத் தனியே ஒரு மறைவுக்குள் அழைத்து அளக்க வேண்டும். "குண்டு" என்று ஒரு தடவை சொன்னால் அடுத்த தடவை அந்தப் பிள்ளை வரவே மாட்டாது.

விகிதம் 0.5 ஆகவோ அதற்கு மேலோ இருந்தாலோ, சுட்டெண் உடற்பருமன் எல்லைக்கு மேல் போனாலோ, கழுத்து கறுத்திருந்தாலோ, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ ஆஸ்பத்திரிக் கிளினிக்கிலோ காட்டுங்கள். குருதி அழுத்தத்தையும், தேவையென்றால் வெறும் வயிற்றில் எடுக்கும் குருதிச் சர்க்கரையையும் கொழுப்பையும் அங்கே பார்ப்பார்கள். நோய் இருக்கிறதென்று உங்கள் அளவைகளைக் கொண்டு நீங்களாக முடிவுகட்டிச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு அது வேறு கேட்டை விளைவிக்கும். போகும்போது அளந்த திகதி, பிறந்த திகதி, உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றோடு, பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ யாருக்கு நீரிழிவு இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.