எலும்பு எடுத்த இடுப்பில் வலி: வீட்டில் சமாளிக்கும் முறை

எலும்பு ஒட்டு அறுவைக்கு (உடம்பின் ஓரிடத்து எலும்பை எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டவைப்பது) வேண்டிய எலும்பைப் பெரும்பாலும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்துதான் எடுப்பார்கள். ஒட்டவைத்த இடத்தைவிட இடுப்புதான் அதிகம் வலிக்கிறது என்று பலர் பயந்துபோகிறார்கள். வயிற்றுத் தசைகளும் பிட்டத் தசைகளும் அந்த விளிம்பில்தான் பற்றியிருக்கின்றன. அதனால் இருமினாலும் எழுந்தாலும் ஓரடி வைத்தாலும் புண் இழுபடும். மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி, அந்த இழுப்பைக் குறைப்பதில் இருக்கிறது.

முதல் சில நாட்கள் வலி ஏறும்வரை காத்திருக்காமல், எழுதிக்கொடுத்த மாத்திரையை மணி பார்த்துப் போடுங்கள். பாராசிட்டமால் பெரியவர்களுக்குப் பொதுவாக 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 500 முதல் 1,000 மி.கி.; ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழ் என்றாலோ, ஈரல் நோயோ மதுப்பழக்கமோ இருந்தாலோ அளவு இன்னும் குறையும், மருத்துவரைக் கேளுங்கள். டிரமடால் என்ற வலுவான வலி மருந்துள்ள மாத்திரைகள் பலவற்றிலும் சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்தே வரும். அட்டையைப் படிக்காமல் சேர்த்துப் போட்டால் ஈரல் கெடும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தலாம் என்று சில மருத்துவர்கள் இவற்றைத் தவிர்க்கிறார்கள்.

டிரமடால் மலச்சிக்கல் தரும். முக்கினால் வயிற்றுத் தசை புண்ணை இழுக்கும். ஆகவே தண்ணீர், கீரை, பழம் முதல் நாளிலிருந்தே வேண்டும். போதாவிட்டால் மலமிளக்கி கேளுங்கள்.

ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டு, துணி சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். கட்டு நனையக் கூடாது.

படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் இழுப்பு தளரும். எழும்போது நேராக நிமிராதீர்கள். முழங்காலை மடக்கி, புண் இல்லாத பக்கம் உடம்பை ஒரே கட்டையாகப் புரட்டி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் சிறு தலையணையைப் புண்மேல் அழுத்திக்கொள்ளுங்கள். நடக்க அனுமதித்திருந்தால் கைத்தடி எதிர்ப்பக்கக் கையில் இருக்கட்டும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். தரையில் உட்காருவதும் குந்துவதும் இப்போதைக்கு வேண்டாம். மேற்கத்தியக் கழிப்பறையோ கமோடு நாற்காலியோ போதும்.

உடையைப் பலர் கவனிப்பதே இல்லை. பாவாடை நாடா, பெல்ட், லுங்கி முடிச்சு எல்லாம் சரியாகப் புண்மேல்தான் உரசும். புண் ஆறும்வரை நைட்டியோ, தொப்புளுக்கு மேலே கட்டும் தளர்ந்த உடையோ போடுங்கள்.

தொடையின் வெளிப்பக்கம் மரத்தாலோ எரிந்தாலோ, அங்கே போகும் தோல் நரம்பு உரசப்பட்டிருக்கலாம். பெரும்பாலும் மெல்லச் சரியாகும், ஆனாலும் அடுத்த பரிசோதனையில் சொல்லுங்கள். 3 மாதம் கடந்தும் வலி விடாவிட்டால் நரம்பு வலிக்கான மருந்து தனியாக உண்டு.

ஆனால் 'படக்' என்ற சத்தத்தோடு கடும் வலி வந்து காலை ஊன்ற முடியாமல் போனால் இடுப்பெலும்பின் விளிம்பு உடைந்திருக்கலாம். வீக்கம் பெருத்துக்கொண்டே போவது, காய்ச்சல், சீழ், கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அன்றே, மூச்சுத்திணறல் என்றால் அந்த நிமிடமே, மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.