நாய்க்கு எவ்வளவு வாங்குவது? மலை காட்டேஜ்களில் நடக்கும் கட்டணத் தவறுகள்

சமவெளியில் நாய் தங்கிய அறையைக் கழுவிவிட்டு ஃபேனைப் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் கொடைக்கானலிலோ, ஆனி ஆடியில் ஊட்டியிலோ அது நடக்காது. ஸோபா உறை இரண்டு நாள் கொடியில் தொங்கினாலும் தொட்டால் சில்லென்றிருக்கும். ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்கு மூன்று நாள். ஈரம் போகாத துணியில் நாய் வாடையும் போகாது. மலையில் செல்லப்பிராணிக்கென்று வாங்கும் பணத்தில் பெரும்பங்கு இந்தக் காயவைக்கும் பாட்டுக்குத்தான் போகிறது. இதைக் கணக்குப் பார்க்காமல், பக்கத்து காட்டேஜில் ஆயிரம் வாங்குகிறார்கள் என்று நாமும் ஆயிரம் போட்டால், வரிசையாகப் பல தவறுகள் வந்து சேரும்.

முதல் தவறு, ராத்திரிக் கணக்கில் வாங்குவது. நாய் ஒரு ராத்திரி தங்கினாலும் நாலு ராத்திரி தங்கினாலும் கடைசியில் செய்யும் துப்புரவு ஒன்றுதான். ராத்திரிக்கு 500 என்று வைத்தால் ஒரு நாள் வந்தவரிடம் உங்களுக்கு நஷ்டம். நாலு நாள் தங்கியவர் 2000 கொடுத்துவிட்டு முணுமுணுப்பார். தங்கலுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைப்பதுதான் சரி.

ஓர் உதாரணக் கணக்கு. இரண்டு படுக்கையறை காட்டேஜ், ஒரு நாய். கேர்டேக்கருக்குக் கூடுதலாக இரண்டரை மணி நேர வேலை, 300 ரூபாய். ஸோபா உறை இரண்டு, ரஜாய் உறை, பெட்ஷீட், கால்மிதி ஆகியவை லாண்டரிக்குப் போக 350. என்சைம் கிளீனர் (சிறுநீர்க் கறையையும் வாடையையும் சிதைக்கும் திரவம்), கையுறை, தாள் பைகள் 120. 2 கிலோவாட் ஹீட்டர் நாலு மணி நேரம் ஓடினால் 8 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 80. ஆக 850. கட்டணம் 1000 என்றால் மிச்சம் 150 சில்லறைச் சேதத்துக்கு நிற்கும். இரண்டாவது நாய்க்குப் பாதி போதும், துவைக்கும் உறைகள் அதேதானே. ஐந்து நாளுக்கு மேல் தங்கினால் நடுவில் ஒரு தடவை பெருக்கித் துடைக்க 400 சேர்க்கலாம். உங்கள் ஊர்க் கூலியும் லாண்டரி விலையும் வேறாக இருக்கும். தொகையை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை இதேதான்.

நாயே வரக்கூடாது என்ற எண்ணத்தில் 3000, 4000 என்று வைப்பவர்களும் உண்டு. அப்படி வைத்தால் நாய் வராமல் போகாது, ராத்திரி எட்டு மணிக்குமேல் காரின் பின்சீட்டிலிருந்து போர்வைக்குள் சுற்றப்பட்டு உள்ளே வரும். கட்டணமும் போச்சு, கார்ப்பெட்டைச் சுருட்டி வைக்கும் வாய்ப்பும் போச்சு. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே போட்டுவிடுங்கள்.

எடையை வைத்துக் கட்டணம் பிரிப்பதும் பார்க்க நியாயம்போல இருக்கும், கணக்குக்கு ஒத்துவராது. ராஜபாளையம் நாய் ஆளுயரத்துக்கு எழும்பினாலும் முடி குட்டை, உதிர்வதும் குறைவு. மடியில் அடங்கும் பொமரேனியன் ஒரு ராத்திரியில் ரஜாயை வெள்ளை ஆக்கிவிடும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி மூன்றும் இரட்டை முடி அடுக்கு உள்ளவை, வருடம் முழுக்க உதிர்க்கும். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என்ன நாய், என்ன வயது, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காமல் இருக்கப் பழகியதா. ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டி எந்த எடையில் இருந்தாலும் நாற்காலிக் காலைக் கடிக்கும். "நாட்டு நாய்க்கு அனுமதி இல்லை, பிரீட் நாய்க்கு உண்டு" என்று எழுதி வைப்பது அபத்தம். துப்புரவுச் செலவு என்று பார்த்தால் நாட்டு நாய்தான் உங்களுக்கு லாபம்.

வாசலில் சொல்லும் கட்டணம்

லிஸ்டிங்கில் "பெட் ஃப்ரெண்ட்லி" (செல்லப்பிராணி வரலாம்) என்று மட்டும் இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, வாந்தி எடுத்த பிள்ளையும் வாந்தி எடுத்த நாயுமாகக் குடும்பம் இருட்டில் வந்து இறங்கும்போது கேர்டேக்கர் சொல்வார், "சார், நாய்க்குத் தனியா ஆயிரத்து ஐந்நூறு." வேறு இடம் தேட முடியாத நேரம் என்பதால் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் ரிவ்யூவில் அந்த 1500 எத்தனை மடங்காகத் திரும்பும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சட்டப்படியும் இது வம்பு. விலையை முதலில் முழுதாகச் சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

ஏர்பிஎன்பி மாதிரித் தங்குமிடம் புக் செய்யும் தளங்களில் செல்லப்பிராணிக் கட்டணத்துக்கென்றே தனி இடம் இருக்கிறது. அங்கே போட்டால் கெஸ்ட் பணம் கட்டும் முன்பே மொத்தத்தில் தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு வாட்ஸாப்பில் ஜிபே நம்பர் அனுப்புவது தளத்தின் விதியை மீறுவது. தகராறு வந்தால் தளம் உங்கள் பக்கம் நிற்காது. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் போன்ற உதவி விலங்குகளுக்கு அங்கே கட்டணம் வாங்கவே கூடாது. நம் பக்கம் அபூர்வமாகத்தான் வரும், வந்தால் பேரம் பேசாதீர்கள்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் இந்தத் தொகையை பில்லுக்கு வெளியே வைப்பதும் தவறு. தங்கும் கட்டணத்தோடு சேர்ந்து வாங்குவது அதன் மதிப்பிலேயே சேரும். ஒரு நாள் வாடகை 7500 ரூபாயை ஒட்டி இருந்தால் வரிவிகிதமே மாறக்கூடும், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்டணம் வேறு, சேதம் வேறு

"பெட் சார்ஜ் கொடுத்தாச்சே, அப்புறம் ஸோபாவுக்கு எதுக்குக் காசு?" இந்தக் கேள்வி வந்தால் தவறு உங்கள் வாசகத்தில் இருக்கிறது. முடி, சேற்றுக் கால்தடம், வாடை, கூடுதல் துவைப்பு ஆகியவை கட்டணத்துக்குள். கடித்த கட்டில் கால், கீறிய தேக்குக் கதவு, மெத்தைக்குள் இறங்கிய சிறுநீர் ஆகியவை சேதம். இரண்டையும் இரண்டு வரியாக எழுதுங்கள். நேரடி புக்கிங் என்றால் 2000 அல்லது 3000 டெபாசிட் வாங்கி, செக்-அவுட் ஆன 24 மணி நேரத்துக்குள் திருப்பிப் போடுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நீங்கள் ஏதோ பிடித்துக்கொள்ளப் பார்ப்பதாகத்தான் தோன்றும்.

ஏர்பிஎன்பி வழியாக வந்தவர் என்றால் செக்-அவுட்டிலிருந்து 14 நாளுக்குள் நஷ்ட ஈடு கேட்க வேண்டும். ஆதாரம் இல்லாமல் கேட்டுப் பயனில்லை. கெஸ்ட் வரும் அன்று காலை ஸோபா, மெத்தையின் நான்கு மூலை, கதவின் கீழ்ப்பாதி, மேஜைக் கால்கள் ஆகியவற்றைத் தேதியோடு படம் எடுங்கள். போன பிறகு அதே கோணத்தில் இன்னொரு முறை. அடுத்த கெஸ்ட் உள்ளே வந்துவிட்டால் எந்த நாய் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இடைப்பட்ட ரகம் ஒன்று மலைக்கே உரியது. மழைக்காலத்தில் தேயிலைக்குள்ளோ சோலை ஓரத்திலோ நடந்துவிட்டு வரும் நாயின் விரல் இடுக்கில் ரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும். அட்டை விழுந்த பிறகும் ரத்தம் நிற்காது. அதன் எச்சிலில் உள்ள பொருள் ரத்தத்தை உறையவிடாது. நாய் கட்டிலில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிப் படுக்கும். காலையில் வெள்ளை பெட்ஷீட்டில் பத்துப் பதினைந்து சிவப்புப் பொட்டு. இதைச் சேதம் என்று 800 ரூபாய் கேட்டால் சண்டைதான் வரும். உடனே பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் போய்விடும், வெந்நீரில் போட்டால் கறை ஒட்டிக்கொள்ளும். செல்லப்பிராணியோடு வருபவர்களுக்கு வெள்ளைத் துணியே விரிக்காதீர்கள். வாசலில் இரண்டு பழைய துண்டும் ஒரு கிண்ணம் உப்பும் வையுங்கள். நுழையும்போதே கால் துடைத்தால் லாண்டரியில் பாதி மிச்சம்.

பினாயில் ஊற்றுவது

கட்டணம் சரியாக வாங்கிவிட்டு வேலையில் கோட்டை விடும் இடம் இதுதான். நாய் சிறுநீரின் மேல் பினாயில் ஊற்றினால் மனித மூக்குக்கு வாடை மறையும், நாய் மூக்குக்கு மறையாது. அடுத்து வரும் நாய் அதே மூலையில் போய் நிற்கும். பூனைக்குப் பினாயில் விஷம், நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

செய்ய வேண்டியது: பழைய துணியால் அழுத்தி உறிஞ்சுங்கள், தேய்க்காதீர்கள். பச்சைத் தண்ணீர் தெளித்து மறுபடி உறிஞ்சுங்கள். பிறகு என்சைம் கிளீனரை, சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குமோ அவ்வளவு நனையும்படி ஊற்றுங்கள். புட்டியில் 10 நிமிடம் என்று போட்டிருக்கும். மார்கழி ஊட்டிக் குளிரில் என்சைம் மெதுவாகத்தான் வேலை செய்யும். அறையைச் சூடாக்கி ஒரு மணி நேரமாவது விடுங்கள். நீராவி இஸ்திரியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், சூடு பட்டால் கறை நிரந்தரம். குன்னூர், கொடைக்கானல் பக்கத்துப் பழைய பங்களாக்களில் மரத்தளப் பலகைகளின் இடுக்கு வழியாகச் சிறுநீர் அடியில் இறங்கிவிடும், அப்புறம் எந்த கிளீனரும் அங்கே எட்டாது. அப்படிப்பட்ட வீட்டில் நாய் படுக்கும் மூலையில் ஆறுக்கு நாலடி வினைல் விரிப்பு போடுவதும், கார்ப்பெட்டை முன்பே சுருட்டி எடுப்பதும் மலிவான காப்பீடு.

எங்கே கழித்தது என்று தெரியாவிட்டால் ஒரு புற ஊதா டார்ச் வாங்கி வையுங்கள். இருட்டில் அடித்தால் காய்ந்த சிறுநீர் மங்கிய மஞ்சளாக ஒளிரும். சோப்புத்தூள் மிச்சமும் ஒளிரும், அது நீலம்.

இவ்வளவையும் காலை 11 மணி செக்-அவுட்டுக்கும் பகல் 1 மணி செக்-இன்னுக்கும் நடுவில் செய்ய முடியாது. நாய் வந்து போன அன்று அடுத்த செக்-இன்னை 4 மணிக்குத் தள்ளுங்கள். மழை மாதத்தில் ஒரு நாள் காலியாகவே விடலாம்.

கழிவு விஷயத்தில் ஒரு முரண். நல்லெண்ணத்தில் பல காட்டேஜ்களில் பிளாஸ்டிக் பைச் சுருள் தொங்கவிட்டிருப்பார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, கொடைக்கானலிலும் கெடுபிடி உண்டு. செய்தித்தாளில் மடித்த பை போதும். காய்கறிப் பாத்திக்கு உரமாகப் போடாதீர்கள், குளிர்ந்த ஈர மண்ணில் புழு முட்டை நெடுநாள் உயிரோடு இருக்கும். பூனை மணலைக் கழிவறையில் கொட்டினால் கட்டியாகி செப்டிக் டேங்க் குழாயை அடைக்கும்.

காசு வாங்கியும் அனுமதிக்கக் கூடாதவை

நாயை அறையில் பூட்டிவிட்டுத் தூண் பாறை பார்க்கப் போவது. தெரியாத இடத்தில் தனியே விடப்பட்ட நாய் கதவைப் பிறாண்டும், பக்கத்து எஸ்டேட் வரைக்கும் கேட்கும்படி குரைக்கும். இதைக் கட்டணத்தால் ஈடுகட்ட முடியாது. புக்கிங் நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இரவில் நாயை வராந்தாவில் கட்டிப்போடுவது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் சிறுத்தைக்கு நாய் எளிதான இரை, ஐந்தடி மதில் அதற்கு ஒரு படி. ஆறு மணிக்கு மேல் நாய் வீட்டுக்குள் என்று எழுத்தில் இருக்கட்டும். அதிகாலையில் காட்டுமாடு முற்றத்தில் நின்றால் கதவைத் திறக்கக் கூடாது. நாய் குரைத்துக்கொண்டே ஓடும், மாடு துரத்தும், நாய் திரும்பி எஜமானரின் காலடிக்கே வரும்.

தடுப்பூசி அட்டை இல்லாமல் வருவது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட தேதி தெரியும்படி அட்டையின் படத்தை முன்கூட்டியே வாங்குங்கள். 1907இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்ட குன்னூரில் இதைக் கேட்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை. காட்டேஜில் உங்கள் நாய் இருந்தால் இந்த அட்டை அதற்கும் பாதுகாப்பு.

புக்கிங் உறுதியானதும் அனுப்ப இது போதும்:

"வணக்கம். உங்கள் நாய்க்குத் தங்கலுக்கு 1000 ரூபாய். உங்கள் மொத்தத் தொகையில் சேர்ந்திருக்கிறது, இங்கே வந்து எதுவும் தர வேண்டாம். முடி, சேறு, துவைப்பு இதற்குள் அடக்கம். கடித்தல், கீறல், மெத்தைச் சேதம் தனி. அறையில் தனியாக விட வேண்டாம். மாலை ஆறுக்கு மேல் வெளியே விட வேண்டாம், சிறுத்தை நடமாட்டம் உண்டு. தடுப்பூசி அட்டையின் படம் அனுப்புங்கள். நாய்க்குத் துண்டு, தண்ணீர்க் கிண்ணம், விரிப்பு வைத்திருப்போம். அதன் சாப்பாடு நீங்கள் கொண்டுவாருங்கள்."

இன்னொன்று. மேலே போட்ட கணக்கில் கேர்டேக்கருக்கென்று எழுதிய அந்த 300 அவர் கைக்கே போகிறதா என்று பாருங்கள். முதலாளி ஆயிரத்தையும் வைத்துக்கொண்டால், ஸோபா இடுக்கில் ரப்பர் கையுறை போட்டு முடி வழித்தெடுக்கும் அந்த இரண்டரை மணி நேரம் அரை மணி நேரமாகச் சுருங்கும். அடுத்து வரும் கெஸ்ட், நாயே வளர்க்காதவர், கறுப்புக் கோட்டில் ஒட்டிய முடியோடு படம் எடுத்து அனுப்புவார்.