மலையில் ஓடும் டீசல் காருக்கு ஈஜிஆர் வால்வு சுத்தம்

குன்னூர், கோத்தகிரி பக்கம் டீசல் கார் வைத்திருப்பவர்கள் பலர் குளிரில் ஸ்டார்ட் பண்ணி கடைவீதி வரை போய்த் திரும்புவதோடு சரி, இன்ஜின் முழுசாகச் சூடேறுவதே இல்லை, அதனால் ஈஜிஆர் வால்வில், அதாவது புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் வால்வில், கரி சீக்கிரம் அப்பிக்கொள்ளும். ஐட்லிங்கில் நடுக்கம், கல்லட்டி ஏற்றத்தில் இழுவைக் குறைவு, கரும்புகை இருந்தால் இதையும் பாருங்கள்.

இன்ஜின் ஆறட்டும். பேட்டரி நெகட்டிவ், வால்வு கனெக்டர், அப்புறம் போல்ட்டுகள் என்று வரிசையாகக் கழற்றுங்கள். சில வண்டிகளில் கூலன்ட் குழாயும் வால்வோடு சேர்ந்திருக்கும், கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கரியைக் கரைக்கும் ஸ்ப்ரே) அடித்துக் கொஞ்சம் ஊறவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் கரி தார் மாதிரி வழிந்து இறங்கும். வால்வைத் திறந்து மூடும் மின் மோட்டார் இருக்கும் பக்கம் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டவே வேண்டாம், வால்வு உட்காரும் இடத்தில் கீறல் விழுந்தால் அப்புறம் சரியாக மூடாது. கேஸ்கெட் புதுசு போடுங்கள், அதில் கஞ்சத்தனம் எதற்கு? மாட்டியதும், வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் எரர் குறியீட்டை அழித்துவிட்டு, மேட்டுப்பாளையம் இறங்கி ஒரு தடவை ஏறி வாருங்கள்.

ஈஜிஆர் வழியையே தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். கரி குறையும்தான், ஆனால் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு கூடும், பல வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கும் எரியும், சட்டமும் இடம் கொடுக்காது. நான் அடைக்க மாட்டேன்.